தாழ்ந்த வண்டியும் உயர்ந்த தெருவும்

தீவகத்திலே மலை இல்லை. குன்று என்று சொல்லத்தக்கதும் இல்லை. வேலணை, ஊர்காவற்றுறை, புங்குடுதீவு, நயினாதீவு, நெடுந்தீவு என எவ்வூரில் நின்று பார்ப்பினும் பனைமரங்களும் கோயிற் கோபுரங்களுமே வானை நோக்கி எழுந்து நிற்பன. நிலமோ கடலோடு ஏறக்குறைய ஒத்த மட்டத்தில், விரித்த பாய்போலக் கிடப்பது. இத்தகைய சமநிலத்திலே ஒருவர் தம் வண்டியை வீட்டுக்குள்ளே கொண்டுசெல்ல முடியாதபடி செங்குத்தான சரிவொன்று குறுக்கே நிற்கின்றது என்று சொன்னால், கேட்போர் நகைப்பர். சென்ற ஆனி மாதம் வரையில் நானும் நகைத்திருப்பேன். என் வீட்டு வாயிலிலேயே அது நிகழ்ந்தபோது எனக்கு நகைப்பு வரவில்லை, வெட்கமே வந்தது. அவ்வெட்கத்தின் காரணத்தை வாசகர்களுக்கு ஒளியாமற் சொல்லுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முன்னாளில் என்னிடம் தமிழ் படித்த மாணவர் ஒருவர் இப்பொழுது கொழும்பிலே பெருவணிகராய் இருக்கின்றார். இலக்கணத்தில் அவருக்கு அத்துணை நாட்டம் இருந்ததில்லை, கணக்கிலே கெட்டிக்காரர். நயினை நாகபூஷணி அம்மன் திருவிழாவுக்கு வந்தவர், வழியிலே ஆசிரியரையும் கண்டு செல்வோம் என்னும் அன்பினால், பண்ணைத் தாம்போதியைக் கடந்து வேலணைக்கு வந்தார். வந்தது அவர் மாத்திரமன்று. இக்காலத்தார் ‘சூப்பர் கார்’ என்று வழங்கும் கார் ஒன்றும் வந்தது. இத்தாலி நாட்டிலே செய்தது. அதன் கூரை என் இடுப்புக்குச் சற்று மேலே நின்றது. அது எங்கள் ஒழுங்கைக்குள்ளே திரும்பியபோது அயலிலுள்ள சிறுவரெல்லாம் அதன் பின்னே ஓடிவந்தனர்.

நான் படலையை அகலத் திறந்துவிட்டு, வருக வருக என்று கைகாட்டினேன். முன்சில்லுகள் தெருவிளிம்பைக் கடந்து வளவுக்குள்ளே இறங்கின. இரண்டடி சென்றிருக்கும், கருங்கல்லிலே கத்தி தீட்டுவது போன்ற ஓசை ஒன்று எழுந்தது. காரின் வயிறு தெருவிளிம்பிலே படிந்துவிட்டது. முன்னே செல்லவும் இயலவில்லை. பின்னே செல்லவும் இயலவில்லை. அயலார் பத்துப்பேர் கூடி, பலகை வைத்து, முன்பக்கத்தைத் தூக்கிப் பின்னே தள்ளியபின்னரே கார் விடுபட்டது. “பரவாயில்லை ஐயா, கீறல்தானே” என்று மாணவர் சொன்னார். எனக்கோ, வீடு தேடி வந்த விருந்தினரை வாயிலிலேயே காயப்படுத்திவிட்டேன் என்னும் வருத்தம் அடங்கவில்லை.

தேநீர் அருந்தியபின் அவர் நூல் ஒன்றும் அளவுநாடா ஒன்றும் வாங்கிக்கொண்டு வாயிலுக்குச் சென்றார். தெரு வளவைப் பார்க்கிலும் ஒன்றரை அடி உயர்ந்திருந்தது. அவ்வுயரத்தை வளவுக்குள்ளே இறக்குவதற்குக் கட்டப்பட்டிருந்த சீமெந்துச் சரிவின் நீளம் ஆறடி. அஃதாவது, நான்கடி செல்ல ஓரடி இறங்கும் சரிவு. இதனை நான்குக்கு ஒன்று என்று வழங்குவர். எங்கள் தீவகத்திலே இதற்கு இணையான மேடு வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

கணக்கு எளிது. தெரு சமமாயிருந்து அதன் விளிம்பிலே சரிவு தொடங்குமானால், முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையேயுள்ள நீளத்தை நான்கால் வகுத்து, வந்ததைச் சரிவின் எண்ணால் மீண்டும் வகுக்க வேண்டும். அவ்விடை எவ்வளவோ அவ்வளவு இடைவெளி காரின் வயிற்றுக்கும் நிலத்துக்கும் இடையே இருந்தாற்றான் விளிம்பு தட்டாது. மாணவரின் காரிலே சில்லுகளுக்கு இடைப்பட்ட நீளம் 260 சென்ரிமீற்றர். நான்கால் வகுக்க 65. சரிவு நான்குக்கு ஒன்று ஆதலின் மீண்டும் நான்கால் வகுக்க 16 சென்ரிமீற்றருக்குச் சற்று மேல். காருக்கு உள்ளதோ 11. ஆகவே தட்டாமல் வேறென் செய்யும்?

இத்தகைய கார்களிலே முன்பக்கத்தைத் தூக்கிக்கொடுக்கும் பொறி உண்டு. பொத்தானை அழுத்தினால் மூக்கு ஏறக்குறைய 4 சென்ரிமீற்றர் உயரும். ஆனால் முன்சில்லுப் பக்கம் மாத்திரமே உயர்வதால் நடுவயிற்றுக்கு அதிலே பாதிதான் கிடைக்கும். பதினொன்றோடு இரண்டைக் கூட்டினாலும் பதினாறு ஆகாது. அப்பொறி தாழ்ந்த மூக்குக்கு உதவுமேயன்றி, எங்கள் வாயிலின் கூர்விளிம்புக்கு உதவாது.

இவ்வளவு தாழ்ந்த வண்டியை ஏன் செய்கின்றார்கள் என்று என் அயலவர் ஒருவர் கேட்டார். கேள்வி நியாயமானதே. வைக்கோலை உயர ஏற்றிய மாட்டுவண்டி வளைவிலே சாய்வதையும், வெறும் வண்டி சாயாமற் செல்வதையும் நாம் கண்டிருக்கின்றோம். பாரம் நிலத்துக்கு அண்மையில் இருக்குந்தோறும் வண்டி நிலைபெயராது திரும்பும். அன்றியும், பெருவேகத்திலே செல்லும்போது காற்றுத் தடுப்பதும் தாழ்ந்த வண்டியைக் குறைவாகவே தடுக்கும். 1960களிலே ஃபோர்ட் நிறுவனத்தார் செய்த ஜிடி 40 என்னும் பந்தயக் கார் 40 அங்குல உயரமே உடையதாதலின் அப்பெயர் பெற்றது. பிரான்ஸ் நாட்டின் லு மான் நகரிலே 24 மணிநேரம் ஓடும் பந்தயத்தில் 1966 முதல் 1969 வரை நான்காண்டுகள் தொடர்ந்து வென்றது அக்கார். பந்தயத் திடலுக்கு உகந்த அத்தாழ்வு பின்னர்ப் பணக்காரர் வீதியிலே ஓட்டும் கார்களுக்கும் வந்துவிட்டது.

வீதிக்கேற்ப உயரவும் தாழவும் வல்ல காரைச் செய்தவர்களும் உளர். பிரான்சின் சித்ரோயன் நிறுவனத்தார் 1955 ஆம் ஆண்டிலே வெளிப்படுத்திய டி.எஸ். என்னும் கார், எண்ணெயின் அழுத்தத்தாலும் வாயுவின் அழுத்தத்தாலும் தாங்கப்பட்டு, ஓட்டுபவர் விரும்பியவாறு உயர்ந்து நின்றது. இக்காலத்துப் போர்ஷே 911 கார்கள் சிலவற்றிலே இன்னுமொரு புதுமை உண்டு. மூக்கைத் தூக்க வேண்டிய இடம் எது என்று ஒருமுறை கற்பித்துவிட்டால், அடுத்தமுறை அவ்விடத்தை அணுகும்போது செய்மதியின் துணையால் இடமறிந்து கார் தானாகவே மூக்கைத் தூக்கிக்கொள்ளும். ஒரு வாயிலிலே பட்ட துன்பத்தை இயந்திரம் நினைவில் வைத்திருக்கின்றது. அவ்வாயிலுக்கு உரிய மனிதர் வைத்திருக்கின்றனரா என்பதே நான் பின்னர்க் கேட்கப்போகும் கேள்வி.

நம் நாட்டு வண்டிகளின் கதை வேறு. நம் முன்னோரின் மாட்டுவண்டிச் சில்லு ஓர் ஆளின் மார்பளவு உயரமுடையது. அதற்கு மேடு பள்ளம் ஒரு பொருட்டன்று. பின்னர் ஓடிய தட்டிவானுக்கும் தளம் உயரமாகவே இருந்தது. அதிலே ஏறுவதற்கு முதியோர்க்குக் கைகொடுக்க வேண்டியிருந்ததேயன்றி, அதன் வயிறு எங்கும் தட்டியதாக நான் கேட்டதில்லை. யாழ்ப்பாணத்தாரின் உள்ளங்கவர்ந்த மொறிஸ் மைனர் 1948 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தில் வெளிவந்தது. அலெக் இஸிகோனிஸ் என்பவர் வகுத்தமைத்த அக்காரின் சில்லிடை நீளம் 86 அங்குலம், அஃதாவது ஏறக்குறைய 218 சென்ரிமீற்றர். முன்சொன்ன கணக்கின்படி என் வாயிலைக் கடக்க அதற்கு வேண்டுவது 14 சென்ரிமீற்றருக்கும் குறைவு. அதற்கு உள்ளதோ ஏறக்குறைய 17. அயலவரின் பழைய மொறிஸ் மைனர் என் வளவுக்குள்ளே பலமுறை வந்து சென்றும் ஒருநாளேனும் முறையிடாத காரணம் இதுவே. 1990களிலே எரிபொருள் தடைப்பட்ட காலத்தில் மண்ணெண்ணெயைக் குடித்தும் ஓடிய கார்கள் அவை. எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் வண்டிகளோடு பழகியமையால், நம் வாயில்கள் எவ்வளவு கெட்டுவிட்டன என்பதை நாம் அறியாமலே இருந்துவிட்டோம்.

அவ்வாயில்கள் கெட்டது எவ்வாறு? நான் சிறுவனாயிருந்த காலத்திலே எங்கள் ஒழுங்கை மணல் ஒழுங்கை. வளவும் ஒழுங்கையும் ஒரே மட்டத்தில் இருந்தன. 1990 ஆம் ஆண்டிலே ஊரைவிட்டுப் பெயர்ந்தோம். பல்லாண்டுகளின் பின் மீண்டுவந்து பற்றைகளை வெட்டி வீட்டைக் கண்டெடுத்தபோதும் வாயிலின் மட்டம் மாறியிருக்கவில்லை. அதன்பின்னர் அபிவிருத்தி வந்தது. முதலிலே கிறவல் பரப்பினர். சில ஆண்டுகள் கழித்து அதன்மேற் கல்லும் தாரும் இட்டனர். மூன்று மாரிக்கு முன்னர் அதன்மேலும் ஒரு படை கல்லிட்டு, ஊரார் ‘காப்பற் வீதி’ என்று சொல்லும் வழவழப்பான தாரை விரித்தனர். ஒவ்வொரு முறையும் பழையதை அகற்றாமல் அதன்மேலேயே புதியதை இட்டனர். தெரு ஒன்றரை அடி வளர்ந்தது. மரம் வளர்ந்தால் நிழல் தரும். தெரு வளர்ந்தால் என்ன தரும்?

முதலிலே வெள்ளம் தந்தது. முன்னர் மழைநீர் வளவிலிருந்து ஒழுங்கைக்கும், ஒழுங்கையிலிருந்து தரவைக்கும் குளத்துக்கும் சென்றது. இப்பொழுது ஒழுங்கையிலிருந்து வளவுக்குள்ளே வருகின்றது. 2020 ஆம் ஆண்டு மார்கழித் தொடக்கத்திலே புரெவிப் புயலோடு வந்த பெருமழையை யாழ்ப்பாணத்தார் மறந்திரார். அத்தகைய மழை வரும்போது உயர்ந்த தெரு அணையாகின்றது. தாழ்ந்த வீடு குளமாகின்றது. வசதியுள்ளோர் மண் கொட்டி வளவை உயர்த்துகின்றனர். அவர்கள் உயர்த்த, அயலவர் வீட்டிலே நீர் நிற்கின்றது. இவ்வாறு தெருவும் வளவும் ஒன்றையொன்று முந்துவதாகிய போட்டியிலே தோற்பவர் ஏழைகளே.

இதைச் சொல்லும்போது என் மாணவர்க்கு ஆண்டுதோறும் நான் கற்பிக்கும் ஓர் இலக்கணம் நினைவுக்கு வருகின்றது. ‘வாயில்’ என்பது ‘இல்வாய்’ என்னும் சொல். இல்லத்தின் வாய் என்பது பொருள். முன்பின்னாக மாறி நின்று வாயில் என வழங்குகின்றது. ‘முன்றில்’ என்பதும் அவ்வாறே; ‘இல்முன்’ என்பதன் மாற்றம் அது. இவற்றை இலக்கணப்போலி என்பர். சொல்லிலே முன்னது பின்னாகி நிற்பினும் பொருள் கெடவில்லை, அழகும் குறையவில்லை. மண்ணிலோ வீட்டுக்கும் தெருவுக்கும் உள்ள மேல்கீழ் முறை மாறியது. இல்லத்தின் வாயிலே மண் விழுந்தது.

நம் முன்னோர் வாயிலை அவ்வாறு கருதினார் அல்லர். யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளிலே சங்கடப்படலை என ஒன்று இருந்தது. படலைக்கு மேலே சிறு கூரை வேய்ந்து, இருபுறமும் இருந்து இளைப்பாற இடம் அமைத்து, வழிப்போக்கர்க்கு நிழலும் மண்பானையிலே நீரும் வைத்தனர். வெயிலிலும் மழையிலும் சங்கடப்பட்டு வருவோர்க்கு உதவியது அது. வீடு தெருவுக்குக் காட்டிய மரியாதை அஃது. இன்று தெரு வீட்டுக்குக் காட்டும் மரியாதை என்ன?

இத்துணையும் எழுதியபின், பிறர்மேற் குற்றஞ் சொல்வதை நிறுத்தி என் குற்றத்தைச் சொல்ல வேண்டும்.

என் அன்னையார்க்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது. கோலூன்றி நடப்பார். தெரு உயர்வதற்கு முன்னர் நாள்தோறும் காலையில் படலைக்கு வெளியே சென்று நிற்பது அவர் வழக்கம். சைக்கிளிலே வரும் மீன்காரர் அங்கே நிற்பார். அயல்வீட்டுப் பெண்களும் வருவர். மீன் வாங்குவது கால்மணி; ஊர்ப்புதினம் பேசுவது முக்கால்மணி. வெள்ளிக்கிழமைகளில் கோயிலுக்கும் தாமே நடந்து செல்வார். தெரு உயர்ந்து, நான் அவசரமாக ஒரு மேசனைக் கொண்டு அந்த ஆறடிச் சரிவைக் கட்டுவித்தபின், அவர் வெளியே செல்வதை நிறுத்திவிட்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வயது முதிர்ந்துவிட்டது, தளர்ச்சி வந்துவிட்டது என்று எனக்கு நானே விடை கூறிக்கொண்டேன். மீன்காரர் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்து, “ஆச்சி, இண்டைக்கு ஓரா இருக்கு” என்று சொல்லிக் கொடுத்துப் போவார். அவர் கண்டறிந்ததை மகனாகிய நான் கண்டறியவில்லை.

கார் தட்டிய மறுநாட் காலையிலே நான் மேசனை அழைப்பித்தேன். சரிவை உடைத்து நீளமாகக் கட்டவேண்டும், செலவைப் பாராதே என்று அவரோடு பேசிக்கொண்டு நின்றேன். விறாந்தையிலே இருந்த அன்னையார் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு முடிந்தபின், “நல்லதாப் போச்சுது தம்பி. இனி நானும் தெருவுக்கு வரலாம்” என்றார். அச்சொல்லிலே குறை இல்லை, ஏளனம் இல்லை, மகிழ்ச்சியே இருந்தது. அதனாலேதான் அது என்னைச் சுட்டது. மூன்று மாரியாக ஈன்ற தாய் வீட்டுக்குள்ளே அடைபட்டிருந்தபோது நான் மேசனை அழைக்கவில்லை. ஒரு காரின் வயிற்றிலே கீறல் விழுந்த மறுநாளே அழைத்தேன். கார் ஓசையிட்டது, பத்துப்பேர் கூடினர். அன்னையார் ஓசையிடவில்லை, ஒருவரும் கூடவில்லை.

மாணவர் போகும்முன் எனக்கு இன்னுமொரு கணக்கையும் செய்து காட்டியிருந்தார். சக்கரநாற்காலியிலே செல்வோர்க்கும் கோலூன்றி நடப்போர்க்கும் ஏற்ற சரிவு பன்னிரண்டுக்கு ஒன்று என்பது உலகின் பல நாடுகளிலே ஏற்றுக்கொள்ளப்பட்ட அளவு. பன்னிரண்டடி செல்ல ஓரடி இறங்கலாம். அதனினும் செங்குத்தாதல் கூடாது. இவ்வளவை அவருடைய காருக்கும் இட்டுப் பார்த்தோம். 65 ஐப் பன்னிரண்டால் வகுக்க ஐந்தரைக்குச் சற்றுக் குறைவு. காருக்கு உள்ளது 11. தடையின்றிச் செல்லும், மூக்கைத் தூக்கும் பொறியும் வேண்டா. நிலத்தோடு ஒட்டிச் செல்லும் செல்வரின் காருக்கும், கோலூன்றிச் செல்லும் முதியவளின் காலுக்கும் வேண்டுவது ஒரே சரிவுதான். இதனை அறிந்தபோது எனக்கு வியப்பு உண்டாயிற்று. ஒருவர் மிக வேகமாகச் செல்பவர், மற்றவர் மிக மெதுவாகச் செல்பவர். ஆயினும் வாயிலிலே இருவர் தேவையும் ஒன்றாய் நிற்கின்றது.

2022 ஆம் ஆண்டிலே பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையிலே நின்ற நாட்டில், ஒரு பணக்காரரின் காரைக் குறித்துத் தலையங்கம் எழுதுதல் தகுமோ என்று சிலர் கேட்கலாம். காருக்காக நான் பரிந்து பேசவில்லை. அவருக்குக் கீறலைத் திருத்தப் பணம் உண்டு; வேறு கார் வாங்கவும் வழி உண்டு. முதியவர்க்கு வேறு கால் வாங்க வழி இல்லை. அக்காரை ஓர் அளவுகோலாகவே நான் கொள்கின்றேன். எந்த வாயிலிலே அது தட்டுகின்றதோ அந்த வாயிலை ஐயுறுக. அங்கே யாரோ ஒருவர் வெளியே வருவதை நிறுத்தியிருக்கக்கூடும். நள்ளிரவிலே நோயாளியைத் தள்ளுபடுக்கையில் வைத்து அம்புலன்ஸ் வண்டிக்குக் கொண்டுசெல்வோரும் அதே சரிவிலேதான் ஏறவேண்டும் என்பதையும் எண்ணுக. மழை பெய்யும் இரவாயின், நான்குக்கு ஒன்று என்னும் அளவின் கொடுமை அப்பொழுது விளங்கும்.

சரிவின் தன்மையைக் கடல் நமக்கு நெடுங்காலமாகக் கற்பித்தே வந்திருக்கின்றது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடையே, கடற்கோட்டையைப் பார்த்தவாறு, ‘பாதை’ என்று நாம் வழங்கும் மிதவையிலே நான் பலமுறை சென்றிருக்கின்றேன். மிதவை கரையைச் சேரும் இடத்திலே ஏறுபலகையின் சரிவு ஒருநாள் இருந்ததுபோல மறுநாள் இராது. நீர் ஏறினால் ஒரு சரிவு. வற்றினால் வேறொரு சரிவு. அனுபவமுள்ள ஓட்டுநர் இறங்கிப் பார்த்த பின்னரே வண்டியை ஏற்றுவார். சற்றுக் கோணலாகத் திருப்பி, ஒரு சில்லை முன்னும் மறுசில்லைப் பின்னுமாக ஏற்றுவாரும் உளர். குறிகட்டுவான் துறையிலும் அவ்வாறே. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் செல்லும் படகு அலையோடு எழுந்தும் தாழ்ந்தும் நிற்கும். முதியவள் ஒருத்தி வந்தால் படகிலே நிற்பவர் கையை நீட்டுவார். படகு எழும் கணத்தைப் பார்த்து, “இப்ப வாங்கோ ஆச்சி” என்று தூக்கிவிடுவார். இடமறிந்து தூக்கும் பொறி நம்மிடமும் இருக்கின்றது. அது மனிதர் கை. கடலிலே அசையும் படியைக் கடக்க உதவும் நாம், நிலத்திலே அசையாத படியை நாமே கட்டிவிட்டு உதவாமல் இருக்கின்றோம்.

இனிச் செய்யத்தக்கவை யாவை? வீதி அமைப்போர்க்குச் சொல்வது முதலாவது. பழைய தாரின்மேற் புதிய தாரை இடுதல் எளிது. ஆனால் பழையதைச் சுரண்டி எடுத்து அதே மட்டத்திலே புதியதை இடுதலே முறை. சுரண்டும் பொறிகள் உண்டு. சுரண்டிய தாரை மீண்டும் பயன்படுத்தவும் கூடும். கடல்நீர் ஏறும் தாழ்நிலத்திலே தெருவை உயர்த்தத்தான் வேண்டும் என்றால், ஒவ்வொரு வாயிலின் மட்டத்தையும் முன்னரே அளந்து, இணைக்கும் சரிவையும் மதகையும் வீதிச் செலவிலேயே சேர்க்க வேண்டும். வீட்டுக்குள் நுழைய முடியாத வீதி ஊர்களை இணைக்கலாம், மனிதரை இணைக்காது. நம் நாட்டிலே வலுக்குறைந்தோரின் உரிமைகளைக் காக்க 1996 ஆம் ஆண்டில் 28 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பொதுக் கட்டடங்களிலும் பொது இடங்களிலும் அவர்கள் தடையின்றிச் சென்றுவர 2006 ஆம் ஆண்டில் ஒழுங்குவிதிகளும் வந்தன. பாடசாலைக்கும் மருத்துவமனைக்கும் அவர்கள் செல்லவேண்டுமானால், முதலிலே தம் வீட்டுப் படலையைக் கடக்க வேண்டும் அன்றோ?

வீட்டுக்காரர்க்குச் சொல்வது இரண்டாவது. ஒன்றரை அடி இறங்கப் பதினெட்டடி நீளம் வேண்டும். நம் தீவக வளவுகள் பலவற்றிலே அதற்கு இடம் உண்டு, மனம்தான் இல்லை. இடம் குறுகிய வீட்டார் சரிவை மதிலோரமாகத் திருப்பி அமைக்கலாம். சரிவைத் தெருப்பக்கமாக நீட்டுதல் கூடாது; அது மழைநீரின் வழியை அடைக்கும், சைக்கிளில் வருவோரை விழுத்தும். தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் சரிவைப் பாதியாக்கினால் கூர்விளிம்பு மழுங்கும். சீமெந்தை வழவழப்பாகத் தேய்க்காமற் குறுக்கே கோடு கீறிவிட்டால் மாரியிலே கால் வழுக்காது. ஒருபக்கத்திலே பிடித்து நடக்க ஒரு குழாயும் நாட்டுதல் நன்று.

என் வாயிலிலே அவ்வாறே செய்தோம். பதினெட்டடி நீளத்துக்காகச் செவ்வரத்தைச் செடி இரண்டைப் பெயர்த்து வேறிடத்தில் நட வேண்டியிருந்தது. அவை மீண்டும் பூக்கத் தொடங்கிவிட்டன. மாணவரின் கார் இன்னும் வரவில்லை. வந்தால் தட்டாமல் நுழையும். அன்னையார் ஒவ்வொரு நாளும் காலையிலே படலைக்கு வெளியே நிற்கின்றார். மீன் வாங்க இப்பொழுது ஒருமணிக்கும் மேலாகின்றது. மூன்று மாரிப் புதினம் பேச இருக்கின்றதல்லவா?

வாசகர்களே, இன்று மாலை உங்கள் வாயிலிலே ஒரு நூலைப் பிடித்து அளந்து பாருங்கள். அளந்தபின், உங்கள் வீட்டிலே அண்மைக்காலத்தில் வெளியே வருவதை நிறுத்தியவர் எவரேனும் உளரா என்று எண்ணிப் பாருங்கள். அவர் முறையிடும்வரை காத்திருத்தல் வேண்டா. முறையிடார்.